785 போதும்!

கேள்வி: வரிசைப்படுத்தாத பத்து லட்சம் பதிவுகளில் ஒன்றைத் தேடச் சொன்னால், குவாண்டம் கணினி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்து விடையைச் சொல்லிவிடுமாமே?

பதில்: பார்க்கும். ஆனால் அவசரப்பட்டு உடனே அளந்தால், கைக்கு வருவது ஏதோ ஒரு பதிவு. விடையாக இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்! சாதாரணக் கணினி சராசரியாக 5 லட்சம் முறை சோதிக்க வேண்டும். 1996-இல், பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய லவ் குரோவர் (நம்ம டெல்லி ஐ.ஐ.டி.யின் முன்னாள் மாணவர்) சுமார் 785 போதும் என்று காட்டினார்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வீச்சு உண்டு. அதன் வர்க்கம்தான் நிகழ்தகவு. தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் சமமாக ஆயிரத்தில் ஒன்று. சரியான விடையின் வீச்சை மட்டும் மைனஸாக்கி, பிறகு அத்தனை வீச்சுகளையும் சராசரியைச் சுற்றிப் புரட்டினால், விடையின் வீச்சு ஆயிரத்தில் மூன்றாகிறது. அடுத்த சுற்றில் ஐந்து. நேரடியாகக் கூடுவது நிகழ்தகவு அல்ல, வீச்சு. வேகத்தின் ஊற்றுக்கண் இதுதான். என்ன அழகான யோசனை! ஆனால் 785-இல் நிறுத்திவிட வேண்டும். பேராசைப்பட்டு இன்னொரு 785 சுற்றினால், வந்த விடை நழுவிப் போய்விடும்.

இதைவிட வேகமாக முடியுமா? முடியாது. பதிவுகள் கூடக்கூட, சுற்றுகளும் குறைந்தது அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கமூல விகிதத்திலாவது கூடியே தீரும் என்று பென்னட், பெர்ன்ஸ்டைன், பிராசார்ட், வசிராணி நால்வரும் நிறுவினார்கள். அதுவும் குரோவர் தன் வழியைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே!