நூப்பிலக்கணம்: சேர்வராயன் மலையில் செய்த ஓர் ஆராய்ச்சி

நூல் செய்யப் புகுவோன் அதன் எல்லை யாது, கேட்போர் யாவர், கேட்டோர் அடையும் பயன் என்ன என்பவற்றை வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழையவேண்டும் என்று நம் இலக்கண ஆசிரியர்கள் விதித்திருக்க, அவ்விதிகளைப் பள்ளிப் பிள்ளைகளின் தலையில் ஏற்றியே ஜீவனம் செய்து ஓய்வு பெற்ற நான் அதை மீறுவது முறையாகாது. இவ்வாராய்ச்சியின் எல்லை, வடக்கே சேர்வராயன் கோயில் மேடும் தெற்கே அடிவாரமும் ஆகும். இடையில் மூடுபனி இறங்கிக் கைப்பேசியின் சமிக்ஞையை விழுங்கிவிடும் தோட்டங்கள் மட்டும் நீங்கலாகக் கொள்க. கேட்போர், ரூன்ஸ்கேப் என்னும் இணைய மாயலோகத்தில் நேற்றோ இன்றோ பிரவேசித்து, கையிலே வெண்கல வாளோடும் கண்ணிலே திகைப்போடும் நிற்பவர்கள். பயன், அவர்கள் சாகாதிருத்தல். அது கூடாதபோது, சொற்ப நஷ்டத்தோடு சாதல்.

இவ்விளையாட்டு வழிநூலே அன்றி முதனூல் அன்று. பலர் ஒருங்கே கூடி உலாவும் கற்பனை உலகத்தை, சித்திரம் ஒன்றுமின்றி வெறும் எழுத்தாலேயே 1978-இல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சமைத்த ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலுமே முதனூலாசிரியர்கள். பார்ட்டில் பிற்பாடு, 1996-இல், இத்தகைய உலகங்களில் உலவுவோரைச் சாதிப்போர், தேடித் திரிவோர், பேசிப் பழகுவோர், பிறரைக் கொல்வோர் என நான்கு ஜாதியாகப் பகுத்தார். இறால் கருக்குவோர் என்ற ஐந்தாம் வகையை அவர் கண்டிலர். அது பற்றிப் பின்னே பேசுவோம். ரூன்ஸ்கேப்போ, ஆண்ட்ரூ கோவரும் அவர் சகோதரர் பாலும் 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்டது. அதன் 2007-ஆம் ஆண்டுப் பாடமே சிறந்ததென்று பழைய ரசிகர்கள் வாக்களித்தமையால் 2013-இல் அப்பாடம் மீண்டும் பதிப்பிக்கப்பெற்று, 2018-இல் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. பாடபேதத்துக்காக வாக்கெடுப்பு நடத்திய வாசகர் கூட்டம் தமிழ்ப் பதிப்புலகில் தோன்றாதது நம் துரதிருஷ்டம்.

தொடக்கக்காரனைக் குறிக்க என் பேரன் வழங்கும் சொல் நூப்பு என்பது. அது ஆங்கிலச் சொல் என்று அவன் சாதிக்கிறான். நொய், நொய்ம்மை, நொய்ப்பு என மெலிவை உணர்த்தும் சொற்கள் நம்மிடமே கிடக்க, ஏரிக்காடு தேய்ந்து ஏற்காடு ஆனதை நாளும் ஊர்ப் பலகையில் பார்த்துக்கொண்டிருக்க, நொய்ப்பு திரிந்து நூப்பு ஆவதற்குக் கடல் கடக்கவேண்டிய அவசியம் என்ன என்று நான் வினவினேன். “தாத்தா, நீங்கதான் நூப்பு” என்று அவன் விடையிறுத்தான். உதாரணம் காட்டினானே தவிர மறுப்புக் கூறவில்லை என்பதைக் கற்றோர் கவனிப்பார்களாக.

இனி விஷயத்துக்கு வருவோம். பயிற்சித் தீவு என்ற திண்ணைப் பள்ளியைக் கடந்தவன் லம்பிரிட்ஜ் என்னும் கோட்டையூரின் முற்றத்தில் வந்து நிற்கிறான். கடந்தபின் அத்தீவுக்குத் திரும்பும் மார்க்கம் கிடையாது. ஊருக்கு அணித்தாக, ஆற்றின் கிழகரையில், வேலியிட்ட ஒரு மாட்டுப்பட்டி இருக்கிறது. அங்குள்ள மாட்டுக்கு உயிர்ப்புள்ளி 8; புதிதாய் வந்த வீரனுக்கு உயிர்ப்புள்ளி 10. மனிதப் பிறவிக்கும் மாட்டுப் பிறவிக்கும் உள்ள தூரத்தை இவ்வளவு துல்லியமாக அளந்த சாஸ்திரம் வேறொன்றை நான் படித்ததில்லை. “சும்மா மாட்டை அடிச்சுக்கிட்டே இருங்க தாத்தா, லெவல் தானா ஏறும்” என்பதே பேரன் எனக்கு உபதேசித்த மூலமந்திரம்.

இம்மந்திரத்தைக் கேட்ட மாத்திரத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புறத்திணைகளுள் முதலாவது வெட்சி. போரென்பது பகைவருடைய ஆநிரையைக் கவர்வதில் தொடங்குகிறது என்பது நம் முன்னோர் வகுத்த முறை. இரண்டாயிரம் ஆண்டுக்கு அப்பால், புறப்பொருள் இலக்கணத்தைக் கண்ணாலும் பார்த்திராத இரு ஆங்கிலேய இளைஞர், தம் வீரனுக்கு முதல் களமாக மாட்டுப்பட்டியையே அமைத்தது எவ்வாறு? தற்செயல் என்று சொல்வோர் ஆராய்ச்சிக்கு லாயக்கற்றவர்கள். ஆயினும் பூர்வபக்ஷமாக எழும் ஆட்சேபங்களை மறைப்பது நேர்மையன்று. வெட்சியார் நிரையை ஓட்டிச் செல்வரே யன்றி நின்ற இடத்தில் வெட்டித் தோலை உரியார். கொண்டதைத் தம்முள் பகுத்துக்கொள்வது பாதீடு என்னும் துறை. இங்கோ நான் அடித்த மாட்டின் தோலை நான் குனிவதற்குள் முகமறியாத ஒருவர் எடுத்துச் செல்வதும் உண்டு, அவர் குனிவதற்குள் நான் எடுத்ததும் உண்டு. மீட்க வரும் கரந்தையாரும் இல்லை. மாண்ட மாடுகள் சற்று நேரத்தில் தாமே முளைத்துவிடுவதால் அவருக்கு வேலையும் இல்லை. ஆகவே இதனை வெட்சி எனலாகாது, வெட்சிப் போலி எனலாம் என்பது என் நிர்ணயம்.

மாட்டின் எலும்பை விட்டுவிட்டு வரும் நூப்பர் பலர், அது பிழை. எலும்பைப் புதைத்தால் பிரார்த்தனை என்னும் வித்தையில் நாலரைப் புள்ளி ஏறும். நிரை மீட்டு மாண்ட வீரனுக்குக் கல் நாட்டிய நாடு இது. செங்கத்துப் பக்கம் போனால் இன்றும் அந்த நடுகற்களைக் காணலாம். மாண்ட மாட்டுக்கு அடக்கம் செய்து, அதையும் நாலரை என்று பின்னமாகக் கணக்கெழுதிவைத்த தேசத்தாரின் கணிதபக்தி நம்மை வியக்கவைக்கிறது.

மாடடித்துக் கை சலித்தவன் கோட்டைக்குள் சென்று சமையற்காரரைக் காணவேண்டும். பிரபுவின் பிறந்தநாளுக்குக் கேக் செய்ய ஒரு முட்டை, ஒரு வாளிப் பால், ஒரு பானை மாவு மூன்றும் வேண்டும் என்று அவர் கையைப் பிசைந்துகொண்டிருப்பார். வாளேந்திய வீரனை மளிகைக்கு அனுப்புவதா என்று சினந்து அப்பால் போகிறவர்கள், விராடன் அரண்மனை மடைப்பள்ளியில் ஓராண்டு கரண்டி பிடித்தவன் வீமசேனன் என்பதை மறந்தவர்கள். சகதேவன் மாடு மேய்த்தான் என்பதையும் சேர்த்து நோக்கினால், ரூன்ஸ்கேப்பின் பூர்வாங்கம் முழுவதும் அஞ்ஞாதவாசத்தின் சாயலே என்பது விளங்கும். மூன்றையும் கொண்டுபோய்க் கொடுத்தவனுக்குச் சமையலில் 300 அனுபவப் புள்ளி கிடைக்கும். அதுவரை அடுப்பங்கரைப் பக்கமே போகாதவன் ஒரே மூச்சில் நாலாம் நிலைக்கு உயர்ந்துவிடுவான்.

இவ்விடத்தில் நம் சேலம் ஜில்லாவின் மானம் சம்பந்தப்பட்ட ஒரு விவகாரத்தைப் பேசாமல் மேலே செல்ல என் மனம் ஒப்பவில்லை. ரூன்ஸ்கேப்பில் கொல்லன் முதலில் செம்பையும் தகரத்தையும் கலந்து வெண்கலம் உருக்குகிறான்; 15-ஆம் நிலை வந்தால்தான் இரும்பைத் தொடலாம்; அப்போதும் உலையிலிட்ட இரும்புக்கல் பாதிக்குப் பாதி வீணாய்ப் போகும் என்பது விதி. இவ்விதியை எழுதியவர் ஏற்காட்டுக்கு வந்து, 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவரும், பிற்காலத்தில் இந்த மலையிலேயே வாசம் செய்தவருமான ராபர்ட் புரூஸ் ஃபூட் அவர்களின் நினைவுக்கல்லை இவ்வூர்த் தேவாலயத்தில் கண்டு வணங்கியிருந்தால் இப்பிழை நேர்ந்திராது. தென்னாட்டில் கற்காலத்தை அடுத்து இரும்புக்காலமே வந்தது, நடுவே வெண்கலக்காலம் என ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை என்பதல்லவா அப்பெரியார் கொண்ட முடிபு? இம்மலையூர்களில் வழவழப்பாகத் தீட்டிய கற்கோடரிகளைப் பிள்ளையார் சந்நிதிகளில் வைத்து மலையாளி என்னும் பழங்குடியினர் வழிபட்டு வந்ததைப் பழைய ஆராய்ச்சியாளர் குறித்துள்ளனர். மேட்டூரை அடுத்த மாங்காட்டில் கிடைத்த இரும்பு வாளின் காலம் கிறிஸ்துவுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டு அளவில் முற்பட்டது. சிவகளை இரும்போ அதனினும் வெகு தொன்மையானது என 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. 1830-களில் ஹீத் என்னும் துரை பரங்கிப்பேட்டையில் உலை மூட்டியபோதும் சேலத்து இரும்புக் கல்லைத்தான் நாடினார். இத்தகைய வம்சத்தில் வந்தவன், கஞ்சமலையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, எலிகளை வெண்கல வாளால் குத்தித் திரிவது நமக்கெல்லாம் தலைகுனிவு. வேறு வழியில்லாமையால் குத்துக; ஆனால் மனத்துள் ஆட்சேபம் தெரிவித்துக்கொண்டே குத்துக.

ஒரே வித்தையில் ஊன்றி நிற்பதா, பல வித்தைகளையும் தொட்டுச் செல்வதா என்பது பெரியோரிடையே நீண்ட வாதம். இதற்கு விடை ஏற்காட்டு ஒண்டிக்கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள எந்தக் காப்பித் தோட்டத்திலும் கிடைக்கும். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதனோடு நில்லாமல் பேரி, ஆப்பிள் என்று வேறு கனிகளையும் நட்டுப் பார்த்தார். இன்றைக்கும் சில்வர் ஓக் மரம் நிழல் தர, அம்மரத்தையே பற்றி மிளகுக்கொடி ஏற, அதன் அடியில் காப்பிச்செடி காய்க்க, ஒரு குழி நிலம் இரண்டு மூன்று வருமானம் கொடுக்கிறது. அவ்வாறே நூப்பனும் மீன் கிடைக்கும் நீர்க்கரை ஒன்றைத் தேர்ந்து, சிறு வலையால் இறால் பிடித்து, பக்கத்து மரத்தை வெட்டி, அதே விறகில் தீ மூட்டி, அதே தீயில் இறாலைச் சுட்டுத் தின்பானாயின், மீன்பிடி, மரம் வெட்டல், தீ மூட்டல், சமையல் என நான்கு வித்தை ஒரே கரையில் விளையும். பையில் 28 அறைகளே உண்டு என்பதால் பேராசைக்கும் இடமில்லை. பேரன் இதை ஏற்கனவே அறிந்திருந்தான் என்பதையும், காப்பித் தோட்டத்து உவமை அவன் மனத்தை அணுவளவும் அசைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

திசை விசாரம் ஒன்று எஞ்சியுள்ளது. அவ்வுலகில் வடகோடி முழுவதும் காட்டுப் பிரதேசம். அங்கே ஆட்டக்காரர் ஆட்டக்காரரையே கொல்லலாம். செத்தவனுக்கு அவன் பொருள்களில் விலையுயர்ந்த மூன்றே மிஞ்சும் என்பது பழைய நியதி. வடக்கிருத்தல் என்பது நம் மன்னர் மானங் காக்க மேற்கொண்ட மரணவிரதம் என்பதை இத்துடன் பொருத்திப் பார்க்க. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, முன்பின் கண்டிராத பிசிராந்தையார் நட்பின் பொருட்டு வந்து உடனிருந்து உயிர்நீத்தார். நானும் முன்பின் கண்டிராத ஓர் அன்பர், வடக்கே நல்ல கவசம் கிடைக்கிறது, பின்னே வாருங்கள் என்றழைத்தபோது நட்பின் பொருட்டே சென்றேன். பிசிராந்தையார் நிலை எனக்கு வாய்த்தது. சோழன் மட்டும் சாகாமல், நான் இரண்டு நாள் பாடுபட்டுச் சேர்த்த மாட்டுத் தோல்களோடு நடந்து போனான். சந்தையில் நின்று, உன் பொற்காசைக் கொடு, இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று கூவுவோரைப் பற்றி, 2012-இல் ஈமுக் கோழி வளர்த்து ஏமாந்த கொங்கு நாட்டு வாசகருக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இறுதியாகக் கால அளவு. ஒரு வித்தையின் உச்சம் 99-ஆம் நிலை. அதற்கு வேண்டிய அனுபவப் புள்ளி 1,30,34,431. இரண்டாம் நிலைக்கு 83 புள்ளியே போதும். மூன்று இறாலைக் கருகாமல் சுட்டால் வந்துவிடும். ஆனால் 92-ஆம் நிலையை எய்தியவன் கையில் இருப்பது 65,17,253. அதாவது ஏறக்குறையச் சரிபாதி. சேலத்திலிருந்து ஏற்காடு வரும் மலைப்பாதையின் 20 கொண்டையூசி வளைவுகளை இந்தக் கணக்கில் அமைத்திருந்தால், பதினெட்டாம் வளைவைத் தாண்டி, காதடைத்து, குளிர்காற்றும் முகத்தில் பட்ட பின்னும், பேருந்து பாதி தூரம்கூட வந்திராது. நடத்துநரிடம் சண்டைக்குப் போகாத பிரயாணி ஒருவரும் இருக்கமாட்டார். அவ்வுலகத்திலோ ஒருவரும் சண்டையிடாமல் ஏறிக்கொண்டே இருக்கின்றனர்.

இதை எழுதி முடிக்கும் இன்று, சமையலில் என் நிலை 19. இறால் அறவே கருகாதிருக்க 34 வேண்டும்.