பிராசஸில் இருக்கிறார்

ஓசூர்ப் பக்கத்தில் பேரிகை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "ஜெர்மனிக்காரர் வீடு எது?" என்று கேளுங்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரும் ஒரே திசையில் கை காட்டுவார்கள். அந்த வீட்டிலிருந்து இன்றுவரை ஒருவரும் ஜெர்மனிக்குப் போனதில்லை. போகப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். எப்போது என்று கேட்டால், "பிராசஸ் போயிட்டு இருக்குதுண்ணா" என்பார். நாலைந்து தீபாவளியாகப் பிராசஸ் போய்க்கொண்டிருக்கிறது, அவர்தான் போகவில்லை.

இவர் பேரிகைக்கு மட்டும் சொந்தமானவர் அல்ல. பாகலூரில் இருக்கிறார், சூளகிரியில் இருக்கிறார், ஓசூரில் காலனிக்கு ஒருவர் தேறுவார். அடையாளம் சுலபம். பி.இ. மெக்கானிக்கல். சிப்காட்டில் ஏதோ ஒரு சின்ன பாகம் செய்யும் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தவர். அந்தப் பாகம் டிவிஎஸ்ஸுக்கோ அசோக் லேலண்டுக்கோ போகிறது. அவர் நிற்கும் மெஷினின் நெற்றியில் ஒரு ஜெர்மன் கம்பெனியின் பெயர். ஷிப்டுக்கு எட்டு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்குமே இப்படி ஆகும்.

வெள்ளைக்காரன் ஓசூரைக் குட்டி இங்கிலாந்து என்று சொல்லிவிட்டுப் போனதை அவர் சீரியஸாக எடுத்துக்கொண்டவர். மார்கழிப் பனியில் ஸ்வெட்டர் இல்லாமல் பைக் ஓட்டுகிறார். மைனஸ் பத்துக்கு ஒத்திகையாம். ஒத்திகை முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரி வரிசையில் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பார். போனில் இரண்டு கடிகாரம். காலை பத்து மணிக்கு நீங்கள் பால் ஊற்றிவிட்டுத் திரும்பினால், "அங்க இப்பத்தான் ஆறரை" என்பார். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அந்த ஊர்க்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்றைக்கே டீக்கடையில் அறிவிப்பு வந்துவிடும்: "இனிமே பத்துன்னா அங்க அஞ்சரைண்ணா, ஞாபகம் வெச்சுக்கோங்க." பெஞ்சில் இருப்பவர்களும் தலையாட்டி வைத்துக்கொள்கிறார்கள். யாருக்கு எப்போது பயன்படும் என்று யார் கண்டது?

மொழி விஷயத்தில் இந்த எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. நம்மவருக்கு வீட்டில் தெலுங்கு, மாலூர்ப் பக்கம் போனால் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், கம்பெனியில் ஒடிசாப் பையன்களோடு இந்தி, மேனேஜரிடம் ஆங்கிலம். சிக்கல் ஐரோப்பிய முறையில் பயோடேட்டா தயாரிக்க உட்கார்ந்தபோது வந்தது. மொழித்திறனுக்கு ஏ1 முதல் சி2 வரை தரம் போட வேண்டும். தெலுங்குக்கு என்ன போடுவது? பங்காளியோடு சண்டை என்றால் சந்தேகமே இல்லாமல் சி2. ஒரு வரி எழுதச் சொன்னால் ஏ1-க்கும் கீழே. யோசித்து யோசித்து, கடைசியில் தாய்மொழியை பி1 என்று போட்டுவிட்டார்.

ஜெர்மன் படிக்கச் சென்னைக்குப் போவானேன்? பெங்களூரு பக்கத்தில் இருக்கிறது, இந்திராநகரில் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. நைட் ஷிப்ட் முடித்து அப்படியே பஸ் ஏறி, கடைசி பெஞ்சில் பாதித் தூக்கத்தில் வினைச்சொற்களை உருப்போட்டுவிட்டு வந்தவர் அவர். மாக்ஸ் முல்லர் ஆயுள் முழுக்க இந்தியாவைப் பற்றியே எழுதியவர், ஒருதடவைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை. அந்தப் பவனில் நம்மவர் சேர்ந்தது பொருத்தம்தான்.

வீட்டில் முதல் அதிர்ச்சி மார்க்கில் வந்தது. ஜெர்மனியில் 1 தான் முதல் தரம், 4 வந்தால் பாஸ், அதற்குமேல் போனால் பெயில். நம்மூர் மதிப்பெண்ணை அந்தக் கணக்குக்கு மாற்ற பவேரியா சூத்திரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பத்துக்கு 8 வாங்கியவர், தேர்ச்சிக்கு 5 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 2.2 ஆகிறார். அப்பா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டு வாங்கினவன் ரெண்டுக்கு எறங்கிட்டியா? எறங்கறதுக்கா இத்தனை பணம் கட்டறோம்?"

பணப் பேச்சு அதைவிட நீளம்.

"ஃபீஸ் கெடையாது நாயனா. கவர்மென்ட் யுனிவர்சிட்டி, இலவசம்."

"அப்புறம் என்னாத்துக்குப் பன்னெண்டு லட்சம்?"

"அது ஃபீஸ் இல்ல, பிளாக்டு அக்கவுன்ட். 11,904 யூரோ, என் பேர்லயே போட்டு வெக்கணும்."

"உன் பேர்லயா? அப்ப எடுத்துக்கலாம்."

"மொத்தமா எடுக்க முடியாது. மாசாமாசம் 992 யூரோ தருவாங்க."

"நம்ம காசை நமக்கே சம்பளமாத் தருவாங்களா?"

"ஆமா."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அதுக்கு வேலை எதுவும் செய்ய வேணாமா?"

ஏபிஎஸ் பற்றி அப்பாவிடம் வாயே திறக்கவில்லை. 2022 நவம்பரிலிருந்து ஜெர்மன் மாணவர் விசாவுக்கு அது கட்டாயம். 18,000 ரூபாய் கட்டினால், உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவைதான் என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். பல்கலைக்கழக விண்ணப்பங்களைச் சரிபார்க்க யூனி-அசிஸ்ட் என்று தனியாக ஓர் அமைப்பு உண்டு. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. இலவசத்துக்கு இவ்வளவு செலவாகும் என்று தெரிந்திருந்தால் ஓசூரிலேயே ஏதாவது எம்பிஏ சேர்ந்திருக்கலாம் என்று அவர் முணுமுணுத்தது உண்டு. மறுநாளே தெளிந்துவிடுவார்.

ஜெர்மனி இழுத்தடித்ததும் இத்தாலிக்கு ஒரு ரூட்டு திறந்தார். அங்கே கதை தலைகீழ். குடும்பம் ஏழையாக இருந்தால் மாகாண அரசு உதவித்தொகை தருகிறது. ஃபீஸ் தள்ளுபடி, கேன்டீன் சாப்பாட்டில் சலுகை, கைச்செலவுக்கும் பணம். ஆனால் ஏழை என்பதை நிரூபிக்க வேண்டும். குடும்ப வருமானம், டிசம்பர் 31 அன்று வங்கியில் இருந்த இருப்பு, சொந்த வீடு என்றால் எத்தனை சதுர மீட்டர், எல்லாம் முத்திரையோடு, இத்தாலிய மொழிபெயர்ப்போடு.

வீட்டை அளந்த ஞாயிற்றுக்கிழமையை அந்தத் தெருவில் யாரும் மறக்கவில்லை. டேப்பின் ஒரு முனையை அம்மா பிடித்துக்கொள்ள, இவர் மறுமுனையோடு பின்பக்கமாக நடந்தார். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவ்வா எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டாள். டேப்பை எடுத்தால் பாகப்பிரிவினை என்றுதான் அவளுக்குத் தெரியும். "நான் உசுரோட இருக்கறப்பவே அளக்கறியாடா?" என்று ஆரம்பித்த குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டு, பெரியப்பா ஓடிவந்தார். வந்தவர் கையிலும் ஒரு டேப். இத்தாலிக்காரன் கேட்கிறான் என்று சொன்னால் எந்தப் பெரியப்பா நம்புவார்? பொதுச் சுவர் யார் கணக்கில் வரும் என்பதிலேயே மத்தியானம் ஆகிவிட்டது. மாட்டுக்கொட்டகை வீட்டில் சேர்த்தியா என்ற கேள்விக்கு அப்ளிகேஷனில் பதில் இல்லை. ஒருவழியாக 860 சதுர அடி வந்தது. மீட்டருக்கு மாற்றினால் 80. அவ்வாவுக்கு முகம் வாடிவிட்டது. "எண்பதுதானா? இதுலயா இத்தனை பேரு பொறந்தீங்க?"

ஆக, வீட்டில் இரண்டு ஃபைல். மஞ்சள் ஃபைலில் குடும்பம் பரம ஏழை, வருட வருமானம் 72,000 என்று தாசில்தார் கையெழுத்தோடு. நீல ஃபைலில் அதே குடும்பம் நிலபுலத்தோடு, பட்டா சிட்டாவோடு, பையனுக்காகப் பன்னிரண்டு லட்சத்தை ஒரு வருடம் முடக்கி வைக்கத் தயாராக நிற்கிறது. ஒருநாள் அவசரத்தில் மஞ்சளை எடுத்துக்கொண்டு கல்விக் கடன் கேட்க வங்கிக்குப் போய்விட்டார். மேனேஜர் நல்ல மனுஷர். பொறுமையாகப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "தம்பி, இந்த வருமானத்துக்கு எருமைக் கடன்தான் சாங்ஷன் பண்ண முடியும். பரவாயில்லையா?"

இரண்டு ஃபைலில் ஒன்று பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தக்காளி போடுகிற வீட்டில் இரண்டும் உண்மை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியது. நாடே அதைப் பற்றித்தான் பேசியது. அந்த மாதம் அந்த வீடு முழுக்க முழுக்க நீல ஃபைல். அப்பாவே, "எவ்ளோடா கேட்டான், பதினொண்ணா? போட்டுருவோம்" என்றார். செப்டம்பரில் விலை அடிமட்டத்துக்குப் போனது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் தோட்டத்திலேயே விட்டவர்கள் உண்டு. வீடு மஞ்சள் ஃபைலுக்குத் திரும்பியது. ஐரோப்பாவில் அட்மிஷன் தேதியும் நம் தக்காளி விலையும் ஒரே மாதத்தில் கூடி வர வேண்டும். அந்த முகூர்த்தம்தான் அமையவில்லை. இதே மண்ணில் விளையும் ரோஜாவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பிப்ரவரி வந்தால் காதலர் தினத்துக்கு ஓசூர்ப் பக்கத்து 'தாஜ்மகால்' ரோஜா விமானம் ஏறிவிடுகிறது. அதற்கு வேண்டியது பூச்சி இல்லை என்று ஒரு சான்றிதழ், அவ்வளவுதான்.

காசு சேர்ந்தபோதெல்லாம் பிளாக்டு அக்கவுன்ட் தொகையும் ஏறியது. 2021-ல் அவர் ஆரம்பித்தபோது 10,332 யூரோ. 2023-ல் 11,208. 2024 செப்டம்பரில் 11,904. அதற்கப்புறம் யூரோவும் நூறு ரூபாயைத் தொட்டது. இவர் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததை அந்த வித்தியாசமே விழுங்கிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் விளையாட்டு இருக்காது.

மற்றபடி ஐரோப்பாவின் எல்லாக் கதவும் அவருக்கு அத்துப்படி. ஊர்ப் பெரியவர் தன்னோடு படித்துச் செத்துப்போனவர்களை வரிசையாகச் சொல்வாரே, அந்தக் குரலில் சொல்வார்: "டென்மார்க் 2006-லயே போச்சு. ஸ்வீடன் 2011. ஃபின்லாந்து 2017. நார்வே நல்லாத்தான் இருந்துச்சு, 2023-ல அதுவும் போச்சு." எல்லாம் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஃபீஸ் போட ஆரம்பித்த வருடங்கள். ஜெர்மனிக்குள்ளேயே பாடன்-வூர்ட்டம்பெர்க் 2017-லிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-ல் முதுநிலைக்கு 4,000 முதல் 6,000 வரை போட்டதைக் கேட்ட அன்று அவர் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை. ஜெர்மனி முழுக்க எந்த வட்டார ரயிலிலும் உள்ளூர் பஸ்ஸிலும் போகலாம் என்று மாதம் 49 யூரோவுக்கு விட்ட டிக்கெட்டை 58 ஆக்கினார்களே, அப்போது வந்த கோபம் தனி ரகம். "ஏழைங்க எப்படிண்ணா போவாங்க?" என்று கொதித்தார். பேரிகை டீக்கடையில் உட்கார்ந்து, வாங்காத டிக்கெட்டின் விலையேற்றத்துக்கு நியாயம் கேட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

கேலி செய்கிறேனே தவிர, அந்த ஆளிடம் விஷயம் இருக்கிறது. கன்சல்டன்சிக்காரர்கள் கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காசு வாங்கிக்கொண்டு சொல்வதை, இவர் ஒரு டீக்குச் சொல்கிறார்; டீக்கும் பாதி நாள் அவரே கொடுத்துவிடுவார். கல்லூரி முடித்த பையன்கள் ஃபைலோடு தேடி வருகிறார்கள். எந்தப் பேப்பரை முதலில் போட வேண்டும், மோட்டிவேஷன் லெட்டரில் 'சின்ன வயசிலிருந்தே எனக்கு' என்று ஏன் ஆரம்பிக்கக் கூடாது, எல்லாம் சொல்லித் தருவார். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்தியர்கள் சுமார் 49,000 பேர். வெளிநாட்டு மாணவர்களில் சீனர்களை முந்திய கூட்டம் அது. அதில் இரண்டு பேர் இவர் ஃபாரம் பூர்த்திசெய்து அனுப்பியவர்கள். வரன் பேச வரும் பெண் வீட்டார்தான் குழம்பிப்போகிறார்கள். மாப்பிள்ளை போகிறாரா, அனுப்புகிறாரா?

அந்த இருவரில் ஒருவன் கெம்னிட்ஸில் படிக்கிறான். போன வாரம் வீடியோ காலில் வந்தான். சூப்பர் மார்க்கெட்டில் நின்று ட்ராலியைக் காட்டி, "எல்லாம் தீ வெலைண்ணா, தக்காளியே கிலோ மூணு யூரோ" என்று புலம்பினான். நம்மவர் பக்கத்தில் கிரேட் அடுக்கிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

"எவ்ளோன்னான்?"

"மூணு யூரோ. முன்னூறு ரூபா, நாயனா."

"வருசம் பூராவா?"

"கூடக் கொறைய இருக்கும்."

அப்பா போனைக் கையில் வாங்கிக்கொண்டார். "தம்பி, நல்லா இருக்கியா? சாப்பாடெல்லாம் எப்படி? சரி, அந்தப் பக்கம் ஏக்கர் என்ன வெலை போவுது, தண்ணி வசதி எப்படின்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றியா?"

மறுநாள் காலையில் டீக்கடையில் பார்த்தபோது எப்படிப் போகிறது என்று மகனைத்தான் கேட்டேன். பதில் அப்பாவிடமிருந்து வந்தது: "பிராசஸ் போயிட்டு இருக்குது சார்."