கொலைகாரனும் குடும்ப அட்டையும்

கேள்வி: கொரிய த்ரில்லர்களில் கொலையாளியைத் தேடிப் போனால், கடைசியில் கதை அவன் வீட்டிலேயே போய் நிற்கிறதே! நம்மூரில் இப்படி உண்டா? (கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசகர்)

பதில்: போலீஸ் கைரேகையைப் பார்க்கும், கொரிய இயக்குநர் ரேஷன் கார்டைப் பார்ப்பார்!

போங் ஜூன் ஹோவின் ‘மதர்’ (2009) படத்தில் அம்மா மூலிகை நறுக்குகிறாள். கண்ணோ தெருவில் நிற்கும் மகன் மேல். அவனைக் கார் இடிக்க, கத்தி இவள் விரலில். வலியே தெரியாமல் ஓடுகிறாள். முழுப் படமும் அந்த ஓட்டத்தில் இருக்கிறது.

நாம் எப்போதோ முந்திக்கொண்டோம். ராஜேந்திரகுமார் நாவலிலிருந்து பாலுமகேந்திரா எடுத்த ‘மூடுபனி’ (1980) நாயகனின் வெறிக்கு வேர், அம்மாவை வதைத்த அப்பா. ‘ஆளவந்தா’னில் (2001) சித்தி.

‘மூடுபனி’யில் கொலைகாரனுக்கும் கிடார் கொடுத்து, யேசுதாஸ் குரலில் காதல் பாட்டுப் பாடவிட்ட தாராள மனசு மட்டும் கொரியாக்காரர்களுக்கு வராது!