கறுவிக் கறுவி எழுதிய அகராதி

1746-இல் லண்டன் புத்தக வியாபாரிகள் சிலர் ஒன்றுகூடி, இங்கிலீஷுக்கு உருப்படியாக ஓர் அகராதி வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். முன்பு அகராதியே இல்லாமல் இல்லை. 1604-இலேயே ராபர்ட் காட்ரி என்பவர், பெண்களுக்கும் விவரம் போதாதவர்களுக்கும் என்று முகப்பிலேயே அச்சடித்து ஒன்றைப் போட்டிருந்தார். வாங்குகிறவர்களை இப்படி மரியாதையாக வரவேற்ற புத்தகம் வேறு உண்டா தெரியவில்லை.

இந்த முறை வியாபாரிகள் பிடித்த ஆள் சாமுவேல் ஜான்சன். ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் வாங்காமல் பாதியில் வந்தவர். கண் பார்வை மட்டம், காது மந்தம், கையில் காசில்லை. வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. பேசிய தொகை 1,500 கினி. மூன்றே வருஷத்தில் முடிப்பதாகச் சொன்னார். பிரான்சில் 40 பேர் உட்கார்ந்து 40 வருஷம் இழுத்த வேலையாயிற்றே என்று நண்பர் கேட்டார். ஜான்சன் சளைக்காமல் கணக்குப் போட்டார்: நாற்பது நாற்பது ஆயிரத்து அறுநூறு. மூன்றுக்கு ஆயிரத்து அறுநூறு எப்படியோ, அப்படித்தானாம் இங்கிலீஷ்காரனுக்குப் பிரெஞ்சுக்காரன். வேலை முடிய ஏறக்குறைய ஒன்பது வருஷம் ஆனது. விகிதத்தை அவர் திருத்திச் சொன்னதாகத் தகவல் இல்லை.

ஃப்ளீட் தெருவை ஒட்டிய காஃப் சதுக்கத்தில் வீடு. அதன் மச்சில் ஆறு எழுத்தர்கள். அதில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஜான்சன் புத்தகம் புத்தகமாகப் படித்து, வேண்டிய சொல்லின் கீழ் பென்சிலால் கோடிழுத்து, ஓரத்தில் அதன் முதல் எழுத்தைப் போட்டுத் தள்ளுவார். எழுத்தர்கள் அந்த வாக்கியத்தைத் துண்டுச்சீட்டில் பிரதியெடுப்பார்கள். சொந்தப் புத்தகம் போதவில்லையென்றால் இரவல். ஊரான் வீட்டு நெய்தானே! திரும்பி வந்த புத்தகத்தைப் பார்த்தவர்கள் மறுமுறை இரவல் கொடுக்க யோசித்தார்களாம்.

ஆதரிக்க ஒரு பெரிய மனிதர் வேண்டுமே என்று செஸ்டர்ஃபீல்ட் பிரபுவின் வாசலுக்குப் போனார். கிடைத்தது 10 பவுன். அப்புறம் வாசலில் காத்துக்கிடந்ததுதான் மிச்சம். அகராதி வெளிவரப்போகிறது என்று தெரிந்ததும் பிரபு பத்திரிகையில் இரண்டு கட்டுரை எழுதிப் புகழ்ந்தார். பந்தி முடிந்த பிறகு இலை போட வந்த அந்த உபசாரத்துக்கு, 1755 பிப்ரவரியில் ஜான்சன் ஒரு கடிதம் எழுதினார். தண்ணீரில் தத்தளித்தபோது வேடிக்கை பார்த்துவிட்டு, கரையேறியவனுக்குக் கை கொடுக்க வருகிறவர்தான் புரவலரோ என்று அதில் கேட்டிருந்தார். பிரபு அசரவில்லை. கடிதத்தை மேஜைமேல் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, என்னமாய் எழுதியிருக்கிறான் பாருங்கள் என்று மெச்சினார். பெரிய மனிதர்களைத் திட்டுவதில் இந்த ஒரு சிக்கல் இருக்கிறது.

அகராதி 1755 ஏப்ரல் 15 அன்று வந்தது. இரண்டு பெரிய தொகுதி, 42,000-க்கு மேல் சொற்கள். ‘புரவலர்’ என்ற இடத்தில், அகம்பாவத்தோடு ஆதரித்து முகஸ்துதியைக் கூலியாக வாங்கும் ஈனப்பிறவி என்ற பொருளில் எழுதி வைத்திருந்தார். கலால் வரிக்காரர்களுக்கும் பாக்கி இருந்தது. அவர் அப்பா தோல் பதனிடும் தொழிலில் அவர்களிடம் மாட்டியவர். அந்த வரிக்கு ஜான்சன் கொடுத்த வசவைப் பார்த்து அதிகாரிகள் அட்டர்னி ஜெனரலிடம் ஓடினார்கள். அவதூறுதான், ஆனாலும் முதலில் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுங்கள், திருத்தாவிட்டால் வழக்குப் போடலாம் என்று அவர் சொல்லி அனுப்பினார். ஓட்ஸ் என்றால் இங்கிலாந்தில் குதிரைக்கும் ஸ்காட்லாந்தில் மனுஷனுக்கும் போடுவது என்று எழுதினார். மச்சில் இருந்த ஐந்து பேர் என்ன முகத்தோடு அதைப் பார்த்தார்களோ.

திட்டு அகராதியாகப் படித்தாலும் நஷ்டமில்லை. ‘ஃபாப்டூடுல்’ என்றால் மதிக்கத் தகாத மடையன். ‘ஸ்லபர்டிகல்லியன்’ என்றால் அழுக்குப் பிண்டம். ‘பெட்பிரஸ்ஸர்’ படுக்கையை விட்டு எழாத தடிச் சோம்பேறி. ‘பேக்ஃபிரண்ட்’, முதுகுக்குப் பின்னால் குழிபறிக்கும் நண்பன். இதையெல்லாம் இங்கிலீஷ்காரர்கள் ஏன் கைவிட்டார்கள்? ஆள் பஞ்சம் வந்ததாகத் தெரியவில்லையே.

ஷேக்ஸ்பியரில் வரும் ‘ட்ரால்மிடேம்ஸ்’ என்ற சொல்லுக்கு, அர்த்தம் எனக்குத் தெரியாது என்று மட்டும் போட்டார். இந்த ஜான்சனைத்தான் எனக்குப் பிடிக்கிறது. ஆனால் குதிரையின் குளம்புக்கு மேலிருக்கும் ‘பாஸ்டர்ன்’ என்ற பகுதியை முழங்கால் என்று எழுதிவிட்டார். ஏன் என்று ஓர் அம்மாள் கேட்டதற்கு, அறியாமைதான் அம்மா, சுத்த அறியாமை என்றார்.

புகழ் வந்ததே தவிர பணம் வரவில்லை. மறுவருஷமே 6 பவுன்கூட இல்லாத கடனுக்காகக் கைதானார். நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் மீட்டார். பென்ஷன் என்பது தேசத்துரோகத்துக்கு அரசு தரும் கூலி என்ற பொருளில் அகராதியில் எழுதியிருந்தவருக்கு, 1762-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வருஷத்துக்கு 300 பவுன் பென்ஷன் கொடுத்தார். ஜான்சன் கொஞ்சம் யோசித்தார், பிறகு வாங்கிக்கொண்டார். 1773-இல் அகராதியைத் திருத்திப் புதுப்பதிப்பு போட்டபோது குதிரையின் காலைச் சரிசெய்தார். பென்ஷன் பக்கம் கை வைக்கவில்லை. வசவும் நிலைத்தது, 300 பவுனும் நிலைத்தது.