நெடுஞ்சாலை லாரிகளின் கேபின் உள்ளலங்காரம் – ஓர் ஆய்வு

சிலம்பைப் பற்றி ஆராய்ந்தாயிற்று. சிலம்பின் பரலைப் பற்றி ஆராய்ந்தாயிற்று. பரல் தெறித்த திசையைப் பற்றி எங்கோ ஒரு மாணவர் இந்நேரம் மூன்றாம் இயல் எழுதிக்கொண்டிருப்பார். ஆகவே தமிழாய்வுக்கு இனி எஞ்சியிருப்பது லாரி.

எல்லையை முதலில் வரையறுத்துவிடுவோம். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரப் பட்டறைகளில் தச்சரும் டிங்கரும் குஷன்காரரும் சேர்ந்து கையால் கட்டிய கேபின்களின் உட்புறம் மட்டுமே இங்கு ஆய்பொருள். கரூர் விலக்கப்பட்டது. அது பஸ் பாடிக்குப் பெயர்போன ஊர். மேலும் அங்கே வேறொரு நெறியாளரின் மாணவர் உலவுகிறார்.

களப்பணி பற்றியும் சொல்லிவிட வேண்டும். உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்து 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். அவர் ஒருவர் அலைந்ததே துறை முழுமைக்கும் போதும் என்று பின்வந்தோர் முடிவு செய்துவிட்டபடியால், இக்கட்டுரையாளரும் எந்தக் கேபினிலும் ஏறவில்லை. கேள்விப்பட்டவை தக்க இடங்களில் சான்று காட்டப்படும்.

மூலமும் உரையும்

லாரி முழுதாகப் பிறப்பதில்லை. எண்ணூரிலும் ஓசூரிலும் உள்ள ஆலைகளிலிருந்து வெறும் சேஸ் மட்டும் உருண்டு வெளிவரும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. நீளச் சட்டம், எஞ்சின், சக்கரங்கள், ஸ்டீயரிங், முன்னால் ஒரு முகத்தகடு, அவ்வளவுதான். கூரை கிடையாது, கதவு கிடையாது. தற்காலிகமாக வைத்த இருக்கையில் உட்கார்ந்து, தலையில் ஹெல்மெட்டோ துண்டோ கட்டிக்கொண்டு, புழுதி முகத்தில் அறைய ஒருவர் அதை ஓசூரிலிருந்து ஓட்டிவந்து, தொப்பூர் கணவாய் இறங்கிப் பட்டறையில் சேர்ப்பார். இது மூலம். பட்டறை இதற்கு எழுதுவது உரை. மூலத்தைவிட உரை பருத்திருப்பது நம் மரபு, லாரியும் விலக்கன்று.

கருப்பொருள்

தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றைத் தொல்காப்பியர் கருப்பொருளாக எண்ணுகிறார். எட்டும் ஒரே கேபினுக்குள் அடங்கியிருப்பதை இதுகாறும் எவரும் கவனியாதது வியப்பே. உணவு: தூக்குவாளியும் பம்பு ஸ்டவ்வும். விலங்கு: எலி. மரம்: சுவர்ப்பலகை, அலமாரி, கூரைச்சட்டம். பறவை: கண்ணாடியில் ஒட்டிய கழுகு ஸ்டிக்கர். தொழில்: பர்மிட்டும் எஃப்.சி.யும் இன்சூரன்சும் கசங்கிக் கிடக்கும் ரெக்சின் பை. யாழ்: இளையராஜா நிரம்பிய பென்டிரைவ். பறை: ஏர் ஹாரன். பல சுரங்களை மாற்றி மாற்றி எழுப்பும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதி 119 தடுக்கிறது. ஆயினும் விதிக்கும் வழக்குக்கும் முரண் நேர்ந்தால் வழக்கின் பக்கம் சாய்வது இலக்கணிகளுக்குப் புதிதன்று. தெய்வம் தனி இயலில் விரித்துரைக்கப்படும்.

பொருள் தேடிப் பிரிந்தவன் வாழும் இடமாதலால் திணை பாலை என்பதில் ஐயமில்லை. எஞ்சினுக்கு மேல் உட்கார்ந்து பார்த்தவர்கள் நிலமும் பாலையே என்கிறார்கள் (டீக்கடை வாய்மொழி, முதல் பெஞ்சு).

உறுப்புகள்

இருக்கை: ஃபோம், ரெக்சின், அதன்மேல் மணி கோத்த விரிப்பு. விரிப்பு முதுகு வேர்ப்பதைத் தடுக்கும் என்பர். தடுக்காது என்பாரும் உளர்.

எஞ்சின் மூடி: சூடு.

கியர் குமிழ்: உள்ளே ஒரு பூ உறைந்து கிடக்கும். என்ன பூ என்பது குறிஞ்சிப்பாட்டு வல்லாரிடம் விடப்படுகிறது.

குஞ்சம்: கூரையோரம் வரிசையாகத் தொங்குவது. இது கண்ணேறு கழிப்பதற்கு என்பது ஒரு சாரார் கொள்கை (அதே கடை, இரண்டாம் பெஞ்சு). வளைவில் வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டுவதற்கு என்பது மறுசாரார் கொள்கை (அதே பெஞ்சு, மழைக்காலப் பாடம்). குஞ்சத்தை அடித்த குஷன்காரரோ, “ரெக்சின் ஒட்டுற எடத்துல ஆணி தெரியுதுல்ல, அத மறைக்கத்தானுங்க” என்கிறார் (பட்டறை வாசல் உரை, பீடிக்கட்டுத் தாளின் பின்புறம் குறிக்கப்பெற்றது, கடைசி வரி அடுத்த பீடியைப் பற்றவைக்கப் பயன்பட்டமையால் சிதைவு). செய்தவன் கூற்றைச் சான்றாகக் கொள்வது ஆய்வு நெறியன்று. ஆதலின் மூன்றாம் கொள்கை தள்ளப்பட்டது.

தெய்வம்

முன்கண்ணாடிக்குக் கீழே தச்சர் செதுக்கிக் கொடுக்கும் சிறு மாடம். நடுவில் பிள்ளையார், ஒரு பக்கம் வேளாங்கண்ணி மாதா, மறுபக்கம் மெக்கா. சற்றுத் தள்ளி முதலாளியின் குலதெய்வம். இவர்களுக்கு ஒளி வேண்டும். ஒளிக்கு ஒயர் வேண்டும். ஒயரை எங்கிருந்து எடுப்பது? இந்த ஒற்றை வினாவில்தான் உள்ளலங்கார மரபு முழுவதும் பிளவுண்டு நிற்கிறது.

பார்க்கிங் லைட்டிலிருந்து எடுப்பது ஒரு மரபு. அந்தியில் சுவிட்சைப் போட்டால் விடியும்வரை சாமி எரிந்துகொண்டிருக்கும். ஓட்டுநர் அதன்பின் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பிரேக் சுவிட்சிலிருந்து எடுப்பது மற்றொரு மரபு. இதில் பெடலை மிதித்தால்தான் காட்சி. காலை எடுத்தால் இருள். வைணவம் பயின்றோர் இந்நேரம் புன்னகைப்பர். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி என்று வடகலையும் தென்கலையும் நூற்றாண்டுகளாக வழக்காடிய சிக்கலை, திருச்செங்கோட்டு எலக்ட்ரீஷியன் ஒருவர் இன்சுலேஷன் டேப்பைப் பல்லால் கடித்தபடியே இரண்டு ஒயரில் வரைந்து காட்டிவிடுகிறார். இண்டிகேட்டரில் இணைக்கும் மூன்றாம் மரபும் உண்டு. அங்கே சாமி உண்டு, இல்லை, உண்டு, இல்லை என்று மின்னுவார். இது சமணரின் அத்திநாத்தி வாதம்.

அடுத்தது வோல்ட் சிக்கல். கனரக லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். சாமி பல்பு 12 வோல்ட்டுக்குரியதாக இருந்தால் நேரே கொடுத்த மாத்திரத்தில் சோதியில் கலந்துவிடும். ஒரே பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்துக் கொடுப்பவர் உண்டு. அப்போது அந்தப் பேட்டரி வற்றும், மற்றது மிகையாக ஏறிக் கொதிக்கும், இரண்டும் ஆயுள் முடியுமுன் போய்ச்சேரும். அறிந்தவர்கள் ஒத்த பல்புகள் இரண்டைத் தொடராகப் போடுகிறார்கள். இதன் விளைவு ஆழமானது: பிள்ளையாரின் பல்பு ஃபியூஸ் போனால் மாதாவும் அணைந்துவிடுவார். சமய நல்லிணக்கம் பற்றி நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்குகளில், கட்டுரையாளர்களே பணம் கட்டி அச்சிடும் தடித்த தொகுதிகளில், இந்த இணைப்பு முறை ஏன் இடம்பெறவில்லை என்பது தெரியவில்லை.

இனித் தொப்பூர். இறக்கத்தில் தேர்ந்த ஓட்டுநர் கீழ் கியரில் போட்டு, எஞ்சினின் பிடியிலேயே வண்டியை இறக்குவார். கால் பிரேக்கை எப்போதாவது தொடுவார். ஆகவே பிரேக் மரபுக் கேபினில் அவருக்குச் சாமி ஏறக்குறைய இருட்டிலேயே இருப்பார். கற்றுக்குட்டியோ மேலிருந்து கீழ்வரை பெடலை மிதித்தபடியே இறங்குவார். அவருக்கு இடையறாத தரிசனம். ஆனால் டிரம் சூடேறும், லைனர் தீயும், பிரேக் மெல்லப் பிடி தளரும். இறக்கத்தில் சாமியை விடாமல் படத்தில் காண்பவர் சற்று நேரத்தில் நேரிலும் காணக்கூடும் என்பது இதனால் பெறப்படும் (கணவாயின் அடியில் டிரம் ஆறும்வரை நிகழ்ந்த உரையாடல், உடனிருந்து கேட்டோர் இருவர், ஒருவர் உறங்கிவிட்டார், மற்றவருக்கு இந்தி மட்டுமே தெரியும், மறுப்பார் எவரும் இன்மையால் பாடம் ஐயத்திற்கு இடமற்றது).

பல்பின் செவ்வொளி முன்கண்ணாடியில் பட்டு, இரவில் எதிரே வருவதை மறைக்கும் என்றும் சொன்னார்கள். இது சமயம் சார்ந்ததன்று, விடப்பட்டது.

இடைச்செருகல்

இப்போது ஆலையிலிருந்தே தகட்டுக் கேபின் முழுதாக வருகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி.யும் கட்டாயம். எஞ்சின் மூடி பற்றி மேலே கூறிய அரிய கருத்து இதனால் விரைவில் காலாவதியாகக்கூடும். தச்சருக்கு வேலை சுருங்கிற்று. மாடம் போய் இருபக்க டேப் வந்தது. சாமி விளக்கை யூ.எஸ்.பி. துளையில் செருகிவிடுகிறார்கள். பிரேக்கா, பார்க்கிங்கா என்ற வினாவே எழுவதில்லை. தீர்ந்துபோன சிக்கலுக்கு எந்தக் குழுவும் நிதி ஒதுக்காது. ஆதலின் யூ.எஸ்.பி. பிற்காலத்தார் புகுத்திய இடைச்செருகல் என்று இவ்வாய்வு நிறுவுகிறது.

மேலாய்வுக்குரியன

எலி. கழுகு ஸ்டிக்கரின் பார்வைத் திசை. குஞ்சத்தின் சாயம்.

பெர்த் ஏன் புரண்டு படுக்கக்கூட முடியாமல் இவ்வளவு குறுகலாக இருக்கிறது என்று ஓர் ஓட்டுநர் கேட்டார். கேபின் ஓர் அடி பின்னால் நகர்ந்தால் சரக்கு ஏறும் இடம் ஓர் அடி குறையும். வாடகை சரக்குக்குத்தான், படுப்பவருக்கு அல்ல. விடை ஒரே வரியில் முடிந்துவிடுவதால் முனைவர் பட்டத்துக்கு இது ஏற்ற தலைப்பன்று.