முல்வியும் முருங்கைக்கீரையும்

விஸ்காம் படித்தேன் என்று சொன்னால் இன்றும் சிலர், "கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பீங்களா?" என்று கேட்கிறார்கள். அது தெரிந்திருந்தால் எப்போதோ பிழைத்திருப்பேன். எனக்குத் தெரிந்தது அசைன்மென்ட் எழுதுவது மட்டும்தான். பாட்டு, டிவி, பத்திரிகை என்று மூன்றுக்கும் இன்டர்னல் மார்க் உண்டு. மூன்றுக்கும் என் செய்முறை ஒன்றே: முதலில் ஒரு வெள்ளைக்கார அறிஞரின் பெயர், அப்புறம் அவருக்குத் தோதாகக் கொஞ்சம் தமிழ்நாடு.

பாட்டுக்கு 'ரோஜா'வை எடுத்தேன். 1992-இல் ஏ.ஆர். ரஹ்மான் வந்தார், தமிழ்ப் பாட்டில் மனிதக் கை ஓய்ந்து மெஷின் ஏறிவிட்டது என்பது என் கண்டுபிடிப்பு. வெள்ளைக்கார அறிஞராக அடோர்னோவைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தேன். சார் நிதானமாகப் படித்துவிட்டு, "அதுக்கு முன்னாடி இளையராஜா குரூப்ல திலீப்னு ஒரு பையன் கீபோர்டு வாசிச்சானே, அவன் யாருப்பா?" என்றார். விழித்தேன். அந்தத் திலீப்தான் ரஹ்மான். 1986-இல் வந்த 'புன்னகை மன்னன்' இசையிலேயே கம்ப்யூட்டர் புகுந்துவிட்டது என்பதும் அன்றுதான் தெரிந்தது. "சரி, நீ எடுத்த பாட்டுல முதல்ல கேட்கிற கருவி எது?" என்று அடுத்து கேட்டார். நான் கருவி எதையும் கேட்டிருக்கவில்லை. "வைரமுத்து வரிகளைப் பத்தி நாலு பக்கம் இருக்கு சார்" என்றேன். "அதைத் தமிழ் டிபார்ட்மென்ட்ல கொடுத்துடு."

டிவி விஷயம் இதைவிட மோசம். ஒரு சீரியலின் ஒரு எபிசோடை நிமிடவாரியாகக் குறிக்க வேண்டும். கூடவே அதைப் பார்க்கும் ஒருவரையும் கவனிக்க வேண்டும். சன் டிவியில் 'மெட்டி ஒலி' ஓடிக்கொண்டிருந்த காலம். கட்டம் போட்ட நோட்டோடு உட்கார்ந்தேன். முதல் விளம்பர இடைவேளை வரை குறிப்புகள் ஒழுங்காக இருந்தன. அதன் பிறகு என் கையெழுத்தில் இருந்தது ஒரே வரி: 'சிதம்பரம் பாவம்'. ஐந்து பெண்களைப் பெற்ற மனிதர் கலங்கி நிற்கும்போது ஸ்டாப்வாட்சைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கவனிக்காமலே எழுதினேன். லாரா முல்வி 1975-இல் சினிமா பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரத்தை யாரோ எடுத்த ஜெராக்ஸில் படித்திருந்தேன். கேமரா ஆணின் கண்ணாக இருந்து பெண்ணைப் பார்க்கிறது, பார்ப்பவரையும் அப்படியே பார்க்கவைக்கிறது என்பது அதன் வாதம். என் அம்மாவும் 'மெட்டி ஒலி'யை அந்தக் கண்ணால்தான் பார்க்கிறார் என்று முடித்தேன். சார் கேட்டார்: "உங்கம்மா எங்க உட்கார்ந்து பார்க்கிறாங்க?"

அன்று இரவுதான் அதைக் கவனித்தேன். அம்மா டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பார்க்கலையாம்மா?" என்றேன். "அதான் கேட்குதேடா. டமார்னு சத்தம் வந்தா மட்டும் திரும்பினாப் போதும்." பாத்திரங்கள் ஏன் அண்ணி, மாமா, சித்தப்பா என்று வாய்க்கு வாய் முறை சொல்லிக் கூப்பிடுகின்றன, நேற்று நடந்ததை இன்று ஏன் இன்னொருவரிடம் ஒப்பிக்கின்றன, ஒரே அறை ஏன் மூன்று முறை விழுகிறது என்பதெல்லாம் அந்தக் கீரைத் தட்டின் பக்கத்தில் உட்கார்ந்ததும் விளங்கியது. அது காதுக்கு எழுதிய நாடகம், படம் உபரி. பார்க்காத படத்துக்கு அம்மா எந்தக் கண்ணைக் கொடுப்பார்?

இதை எழுதினேனா? இல்லை. மேற்கோள் காட்ட ஆள் இல்லாததால் அம்மாவை நீக்கிவிட்டு முல்வியை வைத்துக்கொண்டேன். டிவியைக் கண் மேலோட்டமாகத்தான் பார்க்கிறது, கவனத்தை இழுத்துப் பிடிப்பது ஒலிதான் என்று ஜான் எல்லிஸ் என்பவர் 1982-லேயே புத்தகத்தில் எழுதியிருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அம்மாவை நம்பினேன். எனக்குக் கிடைத்த பட்டத்தின் லட்சணம் அது.

பத்திரிகைக்கு வந்த தலைப்பு, பழைய வார இதழ்களில் கதையும் விளம்பரமும் எப்படிச் சேர்ந்து குடியிருந்தன என்பது. மயிலாப்பூர் லஸ் பக்கம் நடைபாதைக் கடையில் 'பொன்னியின் செல்வன்' பைண்டு ஒன்று கிடைத்தது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் மணியம் ஓவியங்களோடு வந்த தொடர். யாரோ ஒரு புண்ணியவதி வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைக்கக் கொடுத்திருந்தார். ஆசையாகப் புரட்டினேன். அட்டை இல்லை, விளம்பரம் கண்ணில் படவில்லை. உடனே முடிவுக்கு வந்தேன்: வியாபாரம் தொடாத இலக்கியப் பொற்காலம். கிழித்தவர் கதையை மட்டும் கிழித்திருக்கிறார் என்பது மூளைக்கு எட்டவில்லை. சார் ஒரு அத்தியாயத்தின் கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் முழு டானிக் விளம்பரம். "இது என்ன, வந்தியத்தேவன் குடிச்சதா?"

இன்னொரு வார இதழான 'ஆனந்த விகட'னை 1928-இல் வாங்கிய எஸ்.எஸ். வாசனே விளம்பரத் தொழிலில் இருந்து வந்தவர் என்பதையும் சார்தான் சொன்னார். பாஸ் போட்டது அவருடைய பெருந்தன்மை.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு பைண்டு கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். விஸ்காம் படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால் கொடுங்கள். கொடுக்கும்போது, பின்பக்கத்தையும் படிக்கச் சொல்லுங்கள்.