இரண்டாவது சுவிட்சு

என் ஜீப்பில் சாவித் துவாரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒரு கறுப்புப் பொத்தான் இருக்கிறது. புதிதாக ஏறுகிறவர்கள் "இது என்ன?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே ஆறு வருடம் வண்டி ஓட்டியவன் நான். "சாவி கைவிட்டாலும் இது எடுக்கும்" என்பேன். சொல்லும்போது முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வதற்கு ரொம்பப் பாடுபடுவேன்.

குமுளிப் பக்கத்தில் ஒருவருடைய ஜீப் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே பேட்டரியின் வயதைச் சொல்லிவிடலாம். புது பேட்டரிக்காரர் கடைவாசலில் சமதளத்தில் நிறுத்துவார். பழைய பேட்டரிக்காரர் கால் கிலோமீட்டர் நடந்தாலும் பரவாயில்லை என்று இறக்கம் தேடி நிறுத்தி, முன் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டு வருவார். கல்லை எடுத்து, கிளட்சை மிதித்து, உருண்டதும் இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் 'உர்ர்' என்று எழுந்துகொள்ளும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகளில் பாதி காலையில் இப்படித்தான் கண் விழிக்கின்றன. நானும் இறக்கம் தேடி நிறுத்துகிற கட்சிதான்.

சிக்கல் சாவியில் ஆரம்பித்தது. திருப்பினால் சில நாள் செல்ஃப் மோட்டார் சுற்றும், சில நாள் ஒரு சத்தமும் வராது. ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவர் வந்தார். பானெட்டைத் திறந்து, நீண்ட ஸ்குரூடிரைவர் ஒன்றை செல்ஃப் மோட்டாரின் தலையில் இருந்த இரண்டு போல்ட்டுகளுக்குக் குறுக்கே வைத்தார். பொறி பறந்தது, இன்ஜின் ஓடியது. எனக்கு அது சாமி வந்த மாதிரி இருந்தது. விசாரித்ததில் விஷயம் இவ்வளவுதான்: பேட்டரியிலிருந்து கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கேபிள் செல்ஃப் மோட்டாருக்குப் போகிறது. நடுவில் சோலினாய்டு என்று ஒரு காவல்காரன். சாவி செய்வதெல்லாம் ஒரு சின்ன வயர் வழியாக அவனைத் தட்டி எழுப்புவது மட்டும்தான். அவன் எழுந்து கதவைத் திறந்தால் பெரிய கரண்டு பாயும். அப்படியானால் அவனை எழுப்ப இன்னொரு வயரும் இன்னொரு பொத்தானும் போதுமே!

"மொதல்ல சுவிட்ச மாத்திப் பாருங்கண்ணே" என்றுதான் அவர் சொல்லிவிட்டுப் போனார். நான் ஹாரன் பொத்தான் ஒன்று வாங்கினேன். வீட்டில் கிடந்த ஸ்பீக்கர் வயரை எடுத்தேன். ஃபியூஸ் என்ற சொல்லே அன்று என் அகராதியில் இல்லை. அமுக்கினேன், ஓடியது. 1912-இல் கேடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டரைப் பொருத்தி, கைப்பிடி சுற்றி மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்த உலகத்தை மீட்டவர் சார்லஸ் கெட்டரிங். அவருக்கு அடுத்தபடி நான்தான் என்று அன்று இரவு தூங்கினேன்.

கண்டுபிடிப்பின் முதல் பலன் அக்கா மகனுக்குக் கிடைத்தது. அவனுக்கு ஏழு வயது. சாவி என் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. ஜீப் முதல் கியரில் நின்றிருந்தது, இறக்கத்தில் நிறுத்தினால் கியர் போட்டு வைப்பது எங்கள் வழக்கம். பையன் பொத்தானை அமுக்கினான். செல்ஃப் மோட்டாருக்குச் சாவியும் தெரியாது, சொந்தக்காரனும் தெரியாது. கியரில் இருந்த வண்டியை அப்படியே தூக்கிக்கொண்டு கல்லைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோழிகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வீட்டு அம்மா இன்றைக்கும் என்னை 'சாவி இல்லாம வண்டி ஓட்டுறவரு' என்றுதான் குறிப்பிடுகிறார். புகழ்ச்சியாக அல்ல.

இரண்டாவது பலன் வட்டவடையில் கிடைத்தது. ஜனவரி மாதம், சொந்தத்தில் ஒரு கல்யாணம், ராத்தங்கல். காலையில் பல் கிட்டுகிற குளிர். சாவியைத் திருப்பினேன், மௌனம். கல்யாண வீட்டு ஆண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுற்றி நின்றார்கள். நிதானமாகப் பொத்தானை அமுக்கினேன். செல்ஃப் பிரமாதமாகச் சுற்றியது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. இன்ஜின் பிடிக்கவே இல்லை. டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. காற்றை நெரிக்கிற நெரிப்பில் பிறக்கும் சூட்டில்தான் எண்ணெய் பற்றிக்கொள்ள வேண்டும். பழைய ஜீப் இன்ஜின்களில் குளிர்காலத்துக்கென்று ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கரண்டு சாவி வழியாகத்தான் போகும். என் பொத்தான் சாவியை ஒதுக்கிவிட்டுக் குறுக்கு வழியில் போகிறது, ஆகவே ஹீட்டரையும் ஒதுக்கிவிட்டது. அங்கே இறக்கமும் இருந்தது, ஆனால் இறக்கத்தின் முடிவில் இன்னொருவருடைய பூண்டு வயல் இருந்தது. கடைசியில் ஆறு பேர் ஏற்றத்தில் தள்ளி, திருப்பி, ரோட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அதில் ஒருவர் மாப்பிள்ளை.

இவ்வளவுக்குப் பிறகும் என் சகலை கூப்பிட்டபோது நான் போனேன் என்றால், குற்றம் சகலையுடையது அல்ல.

சகலைக்குப் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. தென்னந்தோப்பு. கேரளத்தின் கள்ளுக்கடைகளில் பெரும்பகுதிக்கு அந்த ஊர் இருக்கும் சித்தூர் தாலுகாவிலிருந்துதான் கள்ளு போகிறது. அந்தப் போக்குவரத்தில் பழக்கமான ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து சகலை குமரகத்தில் ஒரு பழைய சின்னப் படகில் பங்கு வாங்கியிருந்தார். இரண்டு சிலிண்டர் டீசல், செல்ஃப் ஸ்டார்ட், சாவி. "சகல, சாவியத் திருப்புனா ஒரு நேரம் எடுக்குதுங்க, ஒரு நேரம் எடுக்க மாட்டீங்குது. நீங்க ஜீப்புக்கு ஏதோ பட்டன் வெச்சிருக்கீங்களாமா?" என்றார்.

அவருக்கு ஸ்டார்ட்டர் என்றால் கிணற்றடிப் பம்புசெட் ஸ்டார்ட்டர் பெட்டிதான். பச்சையை அமுக்கினால் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். படகுக்கும் அதே மாதிரி இரண்டு பொத்தான் வேண்டும் என்று கேட்டார். டீசல் இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்குக் கரண்டே வேண்டாம், எண்ணெயை நிறுத்தினால்தான் நிற்கும் என்று விளக்கி, சிவப்புப் பொத்தானைத் தள்ளுபடி செய்தேன். இப்படி ஒருவருக்கு விளக்கம் சொல்லிவிட்டால் வேலை தெரிந்தவன் என்ற பெயரும் வந்துவிடுகிறது. டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே 1913 செப்டம்பரில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும்போது கப்பலிலிருந்து காணாமல் போனவர். டீசலையும் தண்ணீரையும் சேர்த்து நினைக்கும்போது ஒரு அச்சம் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

இம்முறை பழைய தப்பு ஒன்றையும் செய்யக் கூடாது என்று சபதம். தடித்த செப்பு வயர். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். தண்ணீர் தெறித்தாலும் உள்ளே போகாதபடி ரப்பர் மூடி போட்ட பொத்தான். குழந்தை கை எட்டாத உயரம். கியர் நியூட்ரலில் இருந்தால்தான் பொத்தானுக்குக் கரண்டு வரும்படி ஒரு சின்ன சுவிட்சு, இது கோழிக்கூடு கற்றுக்கொடுத்தது. டெஸ்ட் பல்பை வைத்து ஒவ்வொரு முனையாகத் தொட்டேன். எல்லா இடத்திலும் பளீரென்று எரிந்தது. துறையில் கட்டிய நிலையிலேயே பத்துத் தடவை அமுக்கிக் காட்டினேன், பத்துத் தடவையும் எடுத்தது. சகலை என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்த உற்சாகத்தில் இன்னொரு காரியமும் செய்தேன். இன்ஜின் பெட்டிக்குள் கனமான இரும்புக் கைப்பிடி ஒன்று கிடந்தது, கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணுவதற்கு. "இதெல்லாம் எதுக்கு இனிமே, எடம் அடைச்சுக்கிட்டு" என்று அதைத் தூக்கிக் கரையில் ஷெட்டுக்குள் வைத்தேன்.

படகு விஷயத்தில் எங்கள் ஊர்க்காரனுக்கு விளையாட்டு ஓர் அளவோடு நின்றுவிடும். முல்லைப் பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிந்து தேங்கிய ஏரிதான் தேக்கடி. அங்கே 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஊரில் கேட்ட சைரன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் நான் படகில் கால் வைப்பதில்லை. அன்றும் மூன்று ஜாக்கெட்டுகளை மறக்காமல் எடுத்து வைத்தேன். இரும்புக் கைப்பிடியை மட்டும் மறக்காமல் இறக்கி வைத்திருந்தேன்.

சகலை, அவருடைய கூட்டாளி, நான். வேம்பநாட்டுக் காயலில் அரைமணி நேரம் போயிருப்போம். ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று எதிரே வந்தது. அங்கே அதைப் 'போளா' என்கிறார்கள். தூரத்தில் பார்த்தால் பசும்புல் வெளி, கிட்டே போனால் புரொப்பெல்லரில் பாய் மாதிரி சுருட்டிக்கொள்ளும். சுருட்டிக்கொண்டது. இன்ஜின் இருமி நின்றது. கூட்டாளி கொக்கிக் கம்பால் போளாவை அறுத்து எடுத்தார். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினேன். 'டிக்.' புன்னகைத்தேன். இதற்காகத்தானே இருக்கிறது! பொத்தானை அமுக்கினேன். 'டிக்.'

அதே டிக். ஒரு மாத்திரைகூட வித்தியாசமில்லை.

ஸ்குரூடிரைவரை எடுத்து செல்ஃபின் தலையில் வைத்தேன். பொறிகூட வரவில்லை. டெஸ்ட் பல்பை வைத்தால் எரிகிறது! பேட்டரி இருக்கிறது, கரண்டு வருகிறது, மோட்டார் மட்டும் மாட்டேன் என்கிறது. காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனது. "தள்ளி விட்டா எடுக்குமுங்களா?" என்றார் சகலை. கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். நான் பதிலுக்குச் சுற்றுமுற்றும் பார்த்தேன். பிறந்ததிலிருந்து எந்த வண்டி மக்கர் பண்ணினாலும் என் கண் தானாகத் தேடுவது ஓர் இறக்கத்தைத்தான். நான்கு பக்கமும் சமதளம். அவ்வளவு சமமான ஒன்றை இடுக்கிக்காரன் கண் பார்த்ததே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து வேறொரு படகில் வயதான ஸ்ராங்கு ஒருவர் வந்தார். படகோட்டியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் இன்ஜினை எட்டிப் பார்த்துவிட்டு முதல் கேள்வி கேட்டார்: "ஹேண்டில் எவிடே?"

"கரையில்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை மொழிபெயர்க்க முடியாது. பிறகு குனிந்து, இன்ஜின் பிளாக்கில் எர்த்துக் கேபிள் முடுக்கியிருந்த இடத்தில் கைவைத்தார். கேபிள் முனையைச் சுற்றிப் பச்சைப் பாசி பிடித்த மாதிரி களிம்பு. தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களைக் கோடை வாக்கில் திறக்கும்போது உப்புத் தண்ணீர் இந்தப் பக்கம் ஏறும். அந்த உப்புக் காற்று செம்பைச் சும்மா விடுமா? ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, கேபிளை இப்படியும் அப்படியும் நான்கு முறை முறுக்கி, கத்தி முனையால் சுரண்டி, மறுபடி இறுக்கினார். சாவியைத் திருப்பச் சொன்னார். முதல் திருப்பிலேயே எடுத்தது.

டெஸ்ட் பல்பு என்னை ஏமாற்றியது எப்படி என்று திரும்பி வரும்போதுதான் உறைத்தது. பல்பு குடிப்பது அரை ஆம்பியர்கூட இல்லை, களிம்பு ஏறிய மூட்டு வழியாகவும் அது கசிந்து வந்துவிடும். செல்ஃப் மோட்டாருக்கு வேண்டியது நூற்றுக்கணக்கான ஆம்பியர். ஸ்ட்ரா வைத்து இளநீர் குடிக்கலாம், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியுமா? சாவியும் பொத்தானும் காவல்காரனைத் தட்டுகிற இரண்டு கைகள்தான். உள்ளே போன கரண்டு திரும்பி வர வேண்டிய வழி ஒன்றே ஒன்று, அதுதான் அடைத்திருந்தது. படகில் நான் தொட்டுப் பார்க்காத ஒரே முனையும் அதுதான்.

"ஸ்விட்ச் ரண்டாயாலும் எர்த்து ஒந்நல்லே சாரே" என்று சொல்லிவிட்டு ஸ்ராங்கு போய்விட்டார். அந்த 'சாரே' எனக்கு அநாவசியமாகப் பட்டது. சகலை பணம் நீட்டியும் வாங்கவில்லை. கரைக்கு வந்ததும் கூட்டாளி ஒரு வார்த்தை பேசாமல் ஷெட்டுக்குப் போய்க் கைப்பிடியை எடுத்துவந்து படகில் வைத்தார், முன்பு இருந்த அதே இடத்தில்.

கோட்டயத்திலிருந்து முண்டக்கயம், குட்டிக்கானம், பீருமேடு வழியாக மலை ஏறி வீடு வந்து சேர்ந்தபோது இரவாகிவிட்டது. மறுநாள் காலை யாருக்கும் தெரியாமல் ஜீப்புக்கு அடியில் படுத்தேன். கியர்பாக்ஸ் போல்ட்டில் எர்த்துக் கேபிள் இருந்தது. ஆறு வருடத்துச் சேறு. கீழே அதே பச்சை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி, இறுக்கினேன். சாவியைத் திருப்பினேன். செல்ஃப் புது வண்டி மாதிரி சுற்றியது. மறுபடி திருப்பினேன், மறுபடியும் அதே சுற்று. ஒரு வாரம் பார்த்தேன், ஒரு நாளும் சாவி ஏமாற்றவில்லை.

பொத்தானைக் கழற்ற மனசு வரவில்லை. அதன் பிறவிப் பயன் ஹாரன்தானே, ஜீப்பின் ஹாரனும் ரொம்ப நாளாகத் தொண்டை கட்டிக் கிடந்தது. ஸ்பீக்கர் வயரைச் சோலினாய்டிலிருந்து பிடுங்கி ஹாரனுக்குக் கொடுத்தேன். அக்கா மகனைக் கூப்பிட்டு, "இனிமே எவ்வளவு வேணும்னாலும் அமுக்குடா" என்றேன்.

அமுக்கினான். 'டிக்' என்றது.